காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

கல்லூரிகளின் விளம்பரங்களில் தேர்ச்சி விகிதம், வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு இப்போது காப்புரிமைகளின் எண்ணிக்கையும் இடம்பெறுகிறது. அந்த எண்ணிக்கை பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், காப்புரிமை கண்டுபிடிப்பாளருக்கு எதைத் தருகிறது, அவரிடம் எதைக் கேட்கிறது என்ற புரிதலும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்பது ஐயமே. இதை விளங்கிக்கொள்ள 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஹென்றி பெஸ்ஸமரின் வாழ்க்கை பெரிதும் உதவும்.

1813-இல் பிறந்த பெஸ்ஸமர், 1838 முதல் 1883 வரை நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர். மலிவாக எஃகு தயாரிக்கும் முறையைத் தந்தவர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கரும்பு பிழியும் இயந்திரம், உருளைகளுக்கு இடையே செலுத்திக் கண்ணாடித் தகடு செய்யும் முறை, இருக்கைகளுக்கும் திரைகளுக்கும் ஏற்ற பூவேலை அழுத்திய வெல்வெட் துணி, வீணாகும் கரித்தூளை இறுக்கிப் பென்சில் செய்யும் உத்தி என அவர் கை வைக்காத துறை குறைவு. ஆலைக்கும் அடுக்களைக்கும் இடையே அவருடைய சிந்தனை வேலி போட்டுக் கொண்டதில்லை.

அவருடைய வாழ்வில் மூன்று கண்டுபிடிப்புகள் மூன்று வேறு வழிகளில் சென்றன. ஒன்றை அவர் நம்பிக் கொடுத்தார். ஒன்றை மறைத்து வைத்தார். ஒன்றை உலகறிய வெளியிட்டார்.

இருபது வயதை ஒட்டிய காலத்தில், அரசின் முத்திரைத்தாள் துறையில் நடந்த ஒரு மோசடி அவர் கவனத்துக்கு வந்தது. பழைய ஆவணங்களில் இருந்த முத்திரைகளைப் பிரித்தெடுத்துப் புதிய ஆவணங்களில் ஒட்டியதால், அரசுக்குப் பெரும் வருவாய் இழப்பு ஏற்பட்டு வந்தது. அதைத் தடுக்கும் முத்திரை அச்சு ஒன்றை பெஸ்ஸமர் உருவாக்கினார். அதற்காக அவருக்கு அரசுப் பதவி தருவதாகவும் வாக்களிக்கப்பட்டது. பின்னர், அவர் மணக்கவிருந்த பெண், முத்திரையில் தேதியைப் பொறித்தால் போதுமே என்றார். அந்த எளிய யோசனையை பெஸ்ஸமர் நேர்மையாக அதிகாரிகளிடம் தெரிவித்தார். யோசனை ஏற்கப்பட்டது; பதவி இல்லாமல் போனது; ஊதியமும் இல்லை. கையில் எந்த உரிமை ஆவணமும் இல்லாததால் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 1879-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு, வீட்டு அலங்காரப் பொருள்களில் பயன்படும் பொன்வண்ணத் தூள். தம் சகோதரியின் ஓவியத் தொகுப்பேட்டின் அட்டையில் பொன்னிற எழுத்துகளைத் தீட்டுவதற்காக அவர் கடையில் அந்தத் தூளை வாங்கினார். ஓர் அவுன்ஸின் விலை 7 ஷில்லிங். அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள்தான் என்பதும், மூலப்பொருளின் விலை சில காசுகளே என்பதும் அவருக்கு விரைவில் தெரிந்துவிட்டது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் கைவினைஞர்கள் நெடுநேரம் அடித்தும் அரைத்தும் செய்ததால் எழுந்த விலை அது. இயந்திரத்தால் செய்ய பெஸ்ஸமர் மேற்கொண்ட முதல் முயற்சியில் தூள் கிடைத்தது, பளபளப்பு கிடைக்கவில்லை. இரண்டு தூள்களையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், ஒளியைத் திருப்பி அனுப்பும் தட்டையான செதில்களே அந்த மினுக்கத்துக்குக் காரணம் என்று கண்டார்.

இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. இயந்திரப் பாகங்களைத் தனித்தனி நிறுவனங்களிடம் செய்யச் சொல்லி, தாமே ஒன்று சேர்த்தார். லண்டனில், சன்னல்கள் இல்லாத கட்டடத்தில் அவற்றை நிறுவி, மனைவியின் சகோதரர்களை மட்டுமே உள்ளே பணியமர்த்தினார். 35 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ரகசியம் காக்கப்பட்டது. இந்த முடிவுக்குக் காரணங்கள் உண்டு. அன்றைய காப்புரிமையின் காலம் 14 ஆண்டுகள். அதன்பின் யாரும் செய்யலாம். இங்கிலாந்தின் காப்புரிமை நியூரம்பெர்க்கைக் கட்டுப்படுத்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூளை வாங்கிப் பார்ப்பவர் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. பொருள் தன் செய்முறையைக் காட்டிக் கொடுக்காதபோது, ரகசியமே நீண்ட காப்பாகிறது. அந்தத் தூள் ஈட்டிய செல்வமே அவருடைய பிற்கால ஆராய்ச்சிகளுக்கு முதலாயிற்று.

மூன்றாவது, எஃகு. உருக்கிய வார்ப்பிரும்பின் ஊடே காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள கரியும் சிலிக்கனும் எரிந்து வெளியேறும். அந்த எரிதலின் வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். தனி எரிபொருள் தேவையில்லை. நாள்கணக்கில் நடந்த வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. 1855, 1856-ஆம் ஆண்டுகளில் காப்புரிமைகளைப் பதிந்துவிட்டு, 1856 ஆகஸ்டில் செல்டன்ஹாம் நகரில் அறிவியலாளர்களின் கூட்டத்தில் அவர் இதை விளக்கினார். சில வாரங்களிலேயே உரிமக் கட்டணமாக 27,000 பவுண்டு திரண்டது.

அடுத்து வந்தது அவமானம். உரிமம் பெற்ற ஆலைகளில் உருவான இரும்பு நொறுங்கிப் போனது. பெஸ்ஸமர் தம் சோதனைகளில் பயன்படுத்திய இரும்பில் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைவு. மற்றவர்கள் பயன்படுத்தியதிலோ அது மிகுதி. காற்றைச் செலுத்துவதால் பாஸ்பரஸ் நீங்குவதில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. 32,500 பவுண்டு கொடுத்து உரிமங்களை அவர் திரும்ப வாங்க நேர்ந்தது. பாஸ்பரஸ் குறைந்த சுவீடன் இரும்பைக் கொண்டு சோதனைகளைத் தொடர்ந்து, 1858-இல் ஷெஃபீல்டில் சொந்த ஆலையைத் தொடங்கி, தாமே எஃகு செய்து விற்றுக் காட்டிய பிறகுதான் பிற ஆலைகள் மீண்டும் அவரை நாடின. டன்னுக்கு 40 பவுண்டாக இருந்த எஃகின் விலை, 6, 7 பவுண்டாகச் சரிந்தது. தண்டவாளங்களும் பாலங்களும் கப்பல்களும் எஃகுக்கு மாறின. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் உரிமத்தொகை அவருக்குச் சேர்ந்தது.

இந்த வெற்றியில் வேறொருவருக்கும் பங்கு உண்டு. காற்று மிகுதியாகப் பாய்ந்த இரும்பில் ஆக்சிஜன் தங்கி, அதைக் கெடுத்தது. மாங்கனீஸ் கலந்த இரும்பைச் சேர்த்தால் அந்தக் குறை நீங்கும் என்று ராபர்ட் மஷெட் 1856-இலேயே காப்புரிமை பெற்றார். 1852-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றாம் ஆண்டின் முடிவில் 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் செலுத்தினால்தான் உரிமை தொடரும். அவருடைய காப்புரிமையைக் கையில் வைத்திருந்த பொறுப்பாளர்கள் 1859-இல் அதைக் கட்டத் தவறினர். உரிமை அன்றோடு மறைந்தது. 1866-இல் மஷெட்டின் 16 வயது மகள் தனியாக லண்டன் சென்று பெஸ்ஸமரைச் சந்தித்து, தந்தையின் உழைப்பின் மீதுதான் உங்கள் வெற்றி நிற்கிறது என வாதாடினாள். சட்டப்படி எந்தக் கடமையும் இல்லாத பெஸ்ஸமர், ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை வழங்க இசைந்தார். இலட்சங்களுக்கும் முந்நூறுக்கும் இடையே நின்றது ஐம்பது பவுண்டுக் கட்டணம்.

மாங்கனீஸின் பயன் முன்பே அறியப்பட்டது என்பது பெஸ்ஸமர் தரப்பின் வாதம். அதற்கு அவர் சுட்டிய சான்று நம்மையும் தொடுகிறது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்து, சேலம் பகுதி இரும்புத் தாதுவை நம்பி 1830-களில் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத்தான் அந்தச் சான்று. எஃகு உருக்கும்போது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த பொருளை இடுவதற்கு அவர் 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் நேரடியாக உலையில் இட்டாலும் அதே பயன் மலிவாகக் கிடைக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அந்த மலிவான வழிக்கு மாறி, அவருக்குத் தொகை தருவதை நிறுத்தினர். காப்புரிமை ஆவணத்தின் சொற்களில் அந்த வழி அடங்கவில்லை என்பதே வழக்கின் மையம். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. ஹீத் 1851-இல் இறந்தார். அதன்பின் பிரபுக்கள் அவையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.

மஷெட்டைக் கட்டணம் வீழ்த்தியது. ஹீத்தை ஒரு சொல்லாட்சி வீழ்த்தியது. பெஸ்ஸமரையோ, தம் கண்டுபிடிப்பையே முழுமையாக அறியாதிருந்தது கவிழ்க்கப் பார்த்தது. ஆலையில் நின்று சோதித்துக் காட்டும் பொறுமையும் பணமும் இருந்ததால் அவர் மீண்டார். காப்புரிமை என்பது சமுதாயத்தோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். பிறர் படித்துச் செய்யும் அளவுக்கு உன் முறையை எழுதிக் கொடு. குறிப்பிட்ட காலத்துக்கு உனக்கு மட்டும் உரிமை தருகிறோம் என்பதே அதன் சாரம். எழுதிக் கொடுத்ததன் பயனை உலகம் பின்னர் அடைந்தது. வெளிப்படையாக இருந்த பெஸ்ஸமர் முறையின் குறையைப் பலர் ஆராய்ந்ததால்தான், 1870-களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற நீதிமன்ற எழுத்தர் பாஸ்பரஸை நீக்கும் வழியைக் கண்டார். அப்போது கிடைத்த கசடு வயலுக்கு உரமாகவும் ஆனது. சன்னலில்லாத கட்டடத்துக்குள் இருந்த பொன்தூளை அவ்வாறு மேம்படுத்த வெளியில் இருந்த யாராலும் இயலவில்லை.

இந்தியச் சட்டமும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. உரிமையின் காலம் 20 ஆண்டுகள். கண்டுபிடிப்பைச் செயல்படுத்தத் தாம் அறிந்த சிறந்த முறையை விண்ணப்பதாரர் விவரிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. செலுத்தத் தவறினால் உரிமை அற்றுப்போகும். ஆனால், 18 மாதங்களுக்குள் மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம். மஷெட்டுக்கு வாய்க்காத கருணை இது. கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80% சலுகையும் உண்டு.

ஆகவே, கட்டணத்தை மட்டுமே தடையாகச் சொல்ல இயலாது. விண்ணப்பம் 18 மாதங்களில் வெளியிடப்படுவது வழக்கமான நடைமுறை. அதைக் காப்புரிமை கிடைத்துவிட்டதாகக் கொண்டாடுவது தவறு. கல்வி நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளில் நான்கு விவரங்களைத் தனித்தனியே தரலாம்: விண்ணப்பித்தவை எத்தனை, வழங்கப்பட்டவை எத்தனை, கட்டணம் செலுத்தி உயிரோடு இருப்பவை எத்தனை, ஆலையிலோ வீட்டிலோ பயன்பாட்டுக்கு வந்தவை எத்தனை. உரிமைக் கோரிக்கையைச் சரியான சொற்களில் எழுதக் கற்பிப்பதும், கண்டுபிடிப்பை வேறு மூலப்பொருளில், வேறொருவர் கையில் சோதிப்பதும் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

பெஸ்ஸமரின் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளில் உலகை மாற்றியவை மிகச் சில. அவற்றையும் காத்தது எண்ணிக்கை அன்று. தோற்றபின்னும் உலையை அணைக்காத உழைப்பே.