ரசீது வேறு, வழக்கு வேறு

ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், பேருந்தில் வந்த ஒரு மதுரைக்காரர் நகையைப் பறிகொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு பெரம்பலூர் மாவட்டக் கணக்கில் ஏறும். ஆனால் மாவட்ட மக்கள்தொகையில் அவர் இல்லை. லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான் குற்ற விகிதம். 2011 கணக்கெடுப்பில் இங்கே 5.65 லட்சம் பேர். ஆண்டுக்கு நூறு வழக்கு கூடினாலே விகிதம் சுமார் 18 கூடிவிடும். அதை வைத்து இந்த மக்களை எடைபோடுவது அநியாயம்.

அதைவிடக் கவலை தருவது பதிவே ஆகாத குற்றம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டுமே கணக்கு. மனுவை வாங்கிக்கொண்டு, வழக்காகப் பதியாமல், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால், அந்தக் குற்றம் எந்த எண்ணிலும் வராது. வழக்குகள் குறைவாக உள்ள ஊர் அமைதியான ஊர் என்று நம்பிவிடக் கூடாது.

புகாரை எழுதும் விதமும் முக்கியம். 2019 டிசம்பரில் வெங்காய விலை உச்சத்தில் இருந்தபோது, பெரம்பலூர் மாவட்டத்தில் விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயமே மூட்டை மூட்டையாகத் திருடு போனது. இப்போதைய சட்டப்படி, வயலில் திருடு போனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால், நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத நிலை வரலாம். எனவே புகாரில் "கொஞ்சம் வெங்காயம்" என்று எழுதாதீர்கள். எத்தனை கிலோ, அன்றைய மண்டி விலை என்ன என்று எழுதுங்கள். விதை வாங்கிய சீட்டு இருந்தால் நகலை இணையுங்கள்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதைய சட்டப்படி, மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்கு மேல் "பார்க்கிறோம்" என்பது பதிலாகாது. எல்லை எங்களுடையதல்ல என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். நகல் இலவசம்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். தபால் ரசீதும் சி.எஸ்.ஆர். ரசீதும் அப்போது உதவும்.