தொடையில் போடும் ஒரு மில்லிகிராம்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2013 பிப்ரவரி முதல் செப்டம்பருக்குள் நான்கு கைக்குழந்தைகள் ஒரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன. மூன்று குழந்தைகளுக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு, ஒன்றுக்குக் குடலில். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசியை நான்கு வீட்டாருமே வேண்டாம் என்றிருந்தார்கள். விசாரித்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்த ஊசியால் ரத்தப் புற்றுநோய் வரும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஊற்றுக்கண் 1992-இல் பிரிட்டனின் பிரிஸ்டலிலிருந்து வந்த ஓர் ஆய்வு. அதன்பின் பல நாடுகளில் சரிபார்த்தார்கள். ஸ்வீடனில் மட்டும் சுமார் 13 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசினார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. செய்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை, அவ்வளவுதான்.

ரத்தம் உறைவதற்கான புரதங்களில் நான்கைக் கல்லீரல் தயாரித்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். அது இல்லாமலும் புரதங்கள் உருவாகும். ஆனால் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு இருக்காது. கால்சியம் இல்லையென்றால் காயம்பட்ட இடத்தில் அவை ஒட்டாது. பெரியவர்களுக்குக் கீரையிலேயே போதிய அளவு கிடைத்துவிடுகிறது. பச்சிளம் குழந்தையின் பாடுதான் சிரமம். நஞ்சுக்கொடியைத் தாண்டி வருவது மிகக் கொஞ்சம். குடலில் நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலிலோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். தாய்ப்பாலுக்கு இது குறையல்ல. ஆனால் தாய் கூடுதலாகக் கீரை சாப்பிட்டு இந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்ட முடியாது.

பிறந்த சில நாளில் ரத்தம் கசியும் 50 குழந்தைகளைப் பற்றி பாஸ்டன் மருத்துவர் சார்லஸ் டவுன்செண்ட் 1894-லேயே எழுதிவிட்டார். காரணம் பிடிபட்டது கோழிக்குஞ்சுகளால். கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காகக் கொழுப்பு நீக்கிய தீனி போட்டு வளர்த்த குஞ்சுகளுக்குத் தோலடியில் ரத்தம் கசிந்தது. அந்த நூலைப் பிடித்துப் போனவருக்கு 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு, எட்வர்ட் டாய்சியுடன் சேர்த்து.

மருத்துவம் இதில் சறுக்கியும் இருக்கிறது. தண்ணீரில் கரையும் செயற்கை வைட்டமின் கே-யை ஒரு காலத்தில் அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை மூளைவரை போனது. இன்று போடுவது அதுவல்ல, கீரையில் இருக்கும் அதே வகை. இது தடுப்பூசியும் அல்ல.

சொட்டு மருந்தாகக் கொடுத்தால் ஆகாதா? சில நாடுகளில் கொடுக்கிறார்கள், பல தவணைகளாக. ஆனால் கொழுப்பில் கரையும் இந்தச் சத்தைக் குடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்குச் சொட்டு மருந்து சரியாகச் சேராது. அந்த அடைப்போ முதல் வாரங்களில் வெளியே தெரியாது. ஊசியில் ஏற்றியது தசையில் தங்கி மெல்ல மெல்லக் கசியும். ஊசி போடாத லட்சம் குழந்தைகளில் நான்கு முதல் ஏழு பேருக்கு, இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ரத்தக்கசிவு வரலாம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்காவது அது மூளையில் நிகழ்கிறது.

இந்தியாவில் அளவு 1 மில்லிகிராம். ஒரு கிலோவுக்குக் குறைவான எடை என்றால் அதில் பாதி. மருத்துவமனைப் பிரசவத்தில் இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். வீட்டிலோ ஆம்புலன்சிலோ பிறந்த பிள்ளைக்குத்தான் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். போட்டாயிற்றா என்று கேட்டுவிடுவது நல்லது. வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் அதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே குழந்தைக்கு ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை.