காலுக்கும் ஒரு சும்மாடு

வத்தல்மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். கால் வலி தெரிவது இறங்கும்போதுதான். தருமபுரியிலிருந்து போகிற சாலை இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே சேர்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு வளைவுகளோடு கதை முடிந்தது. சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்குகிறவருக்கு ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னால் வழுக்குகிறது, விரல் நுனி முட்டுகிறது, குதிகால் அதிர்கிறது. காலில் இருப்பது ஐந்நூறு, அறுநூறு ரூபாய் சேஃப்டி ஷூ என்றால் சாயங்காலம் அதைக் கழற்றும்போது வரும் பெருமூச்சைச் சொல்லவே வேண்டாம்.

அந்த விலை பூட்ஸை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அடிசோல் முள்ளையும் கூர்கல்லையும் தாங்கும், முன்பக்க இரும்புக் கவசம் விரலைக் காக்கும். செலவு மிச்சம் பிடிக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். உள்ளே கைவிட்டு இன்சோலை உருவி எடுத்துப் பாருங்கள். துணி ஒட்டிய மெல்லிய ஃபோம் பட்டை ஒன்று வரும். சில மாதம் உழைத்த பட்டை என்றால் குதிகால் இடத்தில் கறுத்த பள்ளமும், பெருவிரலின் அடிமேட்டில் பளபளத்துத் தேய்ந்த வட்டமும் இருக்கும். நடுவில், பாத வளைவு வரும் இடம் மட்டும் புதுசு மாதிரி இருக்கும். உடம்பின் பாரம் எங்கே இறங்கியது, எங்கே இறங்கவே இல்லை என்பதை அந்தப் பட்டை காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார்; பாதத்தில் 100 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 600 கிராம் சுமக்கிறது. தட்டையான பலகை மேல் குதிகாலும் முன்பாதமும் மட்டும் பட்டு, தொடும் பரப்பு பாதியாகிவிட்டால் அதே இடம் 1.2 கிலோ சுமக்க வேண்டும். எடை கூடவில்லை, பரப்புதான் குறைந்தது. தலையில் குடம் வைக்கிறவர்கள் சும்மாடு கூட்டுவதும் இதற்காகத்தான்: குடத்தின் வளைவும் மண்டையின் வளைவும் ஒரே புள்ளியில் முட்டாமல், இடைவெளியைத் துணி நிரப்பிப் பாரத்தைப் பரப்பிவிடுகிறது. நல்ல இன்சோலுக்கும் இதே வேலைதான். மெத்தென்று இருப்பது அதற்கு அடுத்தபடி.

இதைத் தமிழ்நாட்டு மண்ணில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் பால் பிராண்ட். வத்தல்மலையைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்கு 1914ல் பிறந்தவர். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று அன்று பரவலாக நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு: நோய் நரம்பைச் செயலிழக்கச் செய்கிறது, வலி தெரியாததால் பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நசுங்கிப் புண்ணாகிறது. வலி உள்ளவர் தன்னையறியாமல் நடையை மாற்றி, நொந்த இடத்தை ஒதுக்கிவிடுகிறார். வலி இல்லாதவருக்கு அப்படித் தப்பும் வழி கிடையாது.

பிற்பாடு அமெரிக்காவில் அவர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. எலியின் உள்ளங்காலை இயந்திரத்தால் மிதமாகத்தான் அழுத்தினார், ஆனால் ஆயிரக்கணக்கான முறை. ஒரே ஓர் அழுத்தலால் ஒன்றும் ஆகாத திசு, நாள்தோறும் தொடர்ந்தபோது வீங்கிச் சூடேறி, கடைசியில் புண்ணானது. மலிவு பூட்ஸ் முதல் மணி நேரத்தில் ஒன்றும் செய்யாமல், மூன்றாம் நாள் கடிப்பதும் இதே கணக்கில்தான்.

வலி தெரியாத பாதத்துக்குச் செருப்பு செய்ய, வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் பல பொருட்களைப் பார்த்துவிட்டுக் கடைசியில் கைக்கொண்டது நுண்துளை ரப்பர். அதுதான் இன்று நம் ஊர் மருந்துச் சீட்டில் வரும் ‘எம்.சி.ஆர். செருப்பு’. ரப்பருக்குள் ஒன்றோடொன்று இணையாத நுண்ணிய காற்றுக் குமிழ்கள். அழுத்தினால் அமுங்கும், காற்று வெளியேறாததால் மீண்டு வரும். கடினத்தைக் காட்டும் ஷோர் அளவில் சுமார் 15 முதல் 20 வரை இருக்கும். அடியில் முள் ஏறாத கெட்டி சோல், மேலே இந்த ரப்பர், ஆணிக்குப் பதில் பசை: தொழுநோயாளிக்கென்று வகுத்த இந்த அடுக்குதான் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலையும் காக்கிறது.

அப்படியானால் கடையில் கைக்குப் பஞ்சாக இருக்கும் ஜெல் பட்டையை வாங்கிப் போட்டால் போதாதா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017ல் முந்தைய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் பல, படைவீரர்களிடம் நடந்தவை. அதிர்வை உறிஞ்சும் வெறும் மெத்தை இன்சோல்கள் காயங்களைத் தடுத்ததாகத் தெரியவில்லை. பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்தவை ஓரளவு தடுத்தன. விலையைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி: குதிவாதம் உள்ள 135 பேரிடம் 2006ல் வெளியான ஆய்வில், அளவெடுத்துச் செய்த இன்சோலும் கடையில் கிடைக்கும் ஆயத்த இன்சோலும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை.

வாங்கும்போது குதிகால் பக்கம் கிண்ணம் போல் குழிந்திருக்கிறதா பாருங்கள். குதிகால் எலும்புக்கு அடியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தடிமனில் கொழுப்பு, நார்ச் சுவர்களுக்கு இடையே சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டிருக்கிறது. உடம்பு தந்த அதிர்வுதாங்கி அது. மிதிக்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கிப் போகாமல் கிண்ணம் பிடித்துக்கொள்கிறது. வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்படியே படுத்துவிடக் கூடாது, எதிர்த்து நிற்க வேண்டும். பழைய பட்டையை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் விரலுக்கு இடம் போய்விடும், குதிகாலும் பூட்ஸை விட்டு மேலேறும். பழையதை மேலே வைத்து வரைந்து, விரல் பக்கம் மட்டும் வெட்டுங்கள். குதிகால் பக்கம் வெட்டினால் வளைவு இடம் மாறி, வேண்டாத இடத்தில் உறுத்தும்.

இன்சோலால் ஆகாத காரியங்களும் உண்டு. கொப்புளம் மேலிருந்து வரும் அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை. தோல் ஒரு பக்கமும் உள்ளே எலும்பு ஒரு பக்கமும் இழுபடும்போது நடு அடுக்கு கிழிந்து நீர் கோக்கிறது. ஈரத் தோலில் இது இன்னும் சீக்கிரம். அதற்கு மருந்து, காய்ந்த சாக்ஸும், இறங்குவதற்கு முன் மேல்பாதத்தில் இறுக்கிக் கட்டிய லேஸும். அளவே சின்னதான பூட்ஸுக்கு எந்த இன்சோலும் உதவாது. இன்னும் நெருக்கத்தான் செய்யும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், இன்சோல் வாங்குவதற்கு முன்பே அவருடைய பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பதுதான் சோதனை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தொட்டது தெரியவில்லை என்றால் கடைப் பட்டையை அவரே பொருத்திப் பார்ப்பது ஆபத்து. பாத மருத்துவம் பார்க்கும் இடத்துக்குத்தான் அழைத்துப்போக வேண்டும்.