கடலில் துடுப்புப் போட கைபலம் போதுமா?

கயாக் என்னும் ஒல்லிப் படகில் கடலில் நெடுந்தூரம் போகும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? சபாஷ்! ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை சுமார் 50 கிலோமீட்டர் துடுப்புப் போட்டே கடக்கிறார்கள். நம்மாலும் முடியும். ஆனால் ஏரியில் பழகிய கை, கடலில் ஏமாந்துவிடும். காரணம், நீரோட்டம்.

நம் கிழக்குக் கரையில் ஏறத்தாழ பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நீரோட்டம் வடக்கே போகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை தெற்கே திரும்பும். கரையோரத்தில் காற்றைப் பொறுத்து அன்றாடம் மாறவும் செய்யும். எனவே கிளம்புமுன் மீனவர்களிடம் கேளுங்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நீரோட்டம் 2. எதிர்த்துப் போனால் 4தான் தேறும். கூடவே போனால் 8. பத்து கிலோமீட்டர் போக இரண்டரை மணி நேரம், திரும்ப ஒன்றேகால் மணி! ஆகவே பயிற்சியில் முதலில் எதிர்த்துப் போங்கள். களைத்த பிறகு கடலே உங்களைக் கொண்டுவந்து விடும். சுகமாக இருக்கிறதே என்று முதலில் நீரோட்டத்தோடு போனீர்களோ, திரும்பும்போது திண்டாட்டம்தான். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று பலமாக வீசும் நாளில் இறங்கவே வேண்டாம். உயிர்காப்பு உடுப்பும், கூட ஒரு படகும் கட்டாயம்.

சரி, உடம்புக்கு வருவோம். துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இடுப்பையும் முதுகையும் திருப்பித் தள்ளுங்கள். "மணிக்கட்டை அசைச்சா கறுக் கறுக்குன்னு சத்தம் வருது வைத்தியரய்யா" என்று வருபவர்கள் உண்டு. அது தசைநாண் உறை வீங்கியதன் அடையாளம். பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தால் பந்தயமே போய்விடும். ஓய்வு கொடுங்கள், முதல் இரண்டு நாள் குளிர்ந்த துணி போடுங்கள். புது வீக்கத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். வீக்கம் வடிந்து வலி மட்டும் நின்றால், வாதகேசரித் தைலம் இளஞ்சூட்டில் மெதுவாகத் தடவலாம்.

வெயிலும் உழைப்பும் பித்தத்தையும் வாதத்தையும் ஏற்றிவிடும். காலையில் உப்பிட்ட நீராகாரம் நல்லது. படகில் உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ வைத்துக்கொண்டு அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். கடல்நீரை ஒரு வாய் கூடக் குடிக்காதீர்கள். இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். குமட்டலுக்கு ஒரு துண்டு இஞ்சியை மென்றால் போதும்.

கூட வந்தவர் வெயிலில் உளறினால், தடுமாறினால் உடனே கரை சேருங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கடைசி ஒரு வாரம் பயிற்சித் தூரத்தைப் பாதியாக்குங்கள். புது உணவோ புது லேகியமோ அப்போது கூடாது. நன்றாகத் தூங்குங்கள். தூங்கி எழுந்த தோளுக்குத்தான் கடலோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்கும்.