மடிக்கணினி வந்துவிட்டால் சிடி டெக் வேண்டாமா?

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கல்யாண விருந்து என்றால், சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது பாட்டுதான். பெர்ணம் ஆற்றோரத்து இந்த மீன்பிடி ஊரைச் சுற்றியுள்ள தென்னை, செம்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கோயில் திருவிழாவுக்குக் கூம்பு ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் போதும். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. இன்று ஜெண்டராட்டா பக்கமிருந்து தெலுக் இந்தான் வரை எந்த மண்டபத்திலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மடிக்கணினி, அதற்குப் பின்னால் ஓர் இளைஞர். "எல்லாப் பாட்டும் இதுக்குள்ளேயே இருக்கு அண்ணே, இனி எதுக்கு இந்தக் கனமான சிடி டெக்?" என்று அவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் மணமக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், விளக்கை அணைத்தாகிவிட்டது, ஐந்நூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மடிக்கணினியின் திரை உறைந்து நின்றால் என்ன செய்வது? கணினியை மறுபடி எழுப்ப இரண்டு, மூன்று நிமிடமாகும். அந்த மௌனத்தை அந்தக் குடும்பம் இருபது ஆண்டுகளுக்குச் சொல்லிக் காட்டும். டீஜே தொழிலில் இருக்கும் பையனுக்கு அடுத்த வேலை வருவதும் வராததும் அந்த மூன்று நிமிடத்தைப் பொறுத்தது.

ஆகவே மடிக்கணினியா சிடி டெக்கா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டிய அவசியமில்லை. இரண்டையும் ஒரே மேசையில் எப்படி வேலை வாங்குவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

டீஜேக்களின் கருவி என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலி. பயனியர் நிறுவனம் 1994இல் சிடிஜே-500 என்ற சிடி டெக்கைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த அதன் சிடிஜே-1000இல், மேலே உள்ள வட்டைக் கையால் பிடித்து நிறுத்தலாம், பின்னுக்குத் தள்ளலாம், இசைத்தட்டைப் போலவே உரசலாம். அதன் பிறகுதான் பழைய ஆட்களும் சிடியை மதித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் 'பைனல் ஸ்கிராட்ச்' என்ற மென்பொருள் வந்தது. 2004இல் ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து செரட்டோ 'ஸ்கிராட்ச் லைவ்' வெளியிட்டது. கணினியில் இருக்கும் பாட்டைச் சுழலும் தட்டைக் கொண்டே ஆட்டிவைக்கலாம் என்ற வித்தை இவற்றால்தான் பரவியது.

அந்த வித்தையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிடி டெக்கில் போடுவது பாட்டு சிடி அல்ல. மென்பொருள் நிறுவனம் தரும் ஒரு தனி சிடி. அதை நேராக ஸ்பீக்கரில் விட்டால் 'கீ...' என்று காதைத் துளைக்கும் ஒரே சத்தம்தான் வரும். செரட்டோவின் சிடியில் அது நொடிக்கு 1,000 அதிர்வு. டெக்கின் வேகத்தைக் கூட்டினால் அதிர்வு கூடும், குறைத்தால் குறையும். இடது வலது இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். அதில் எது முந்துகிறது என்று பார்த்து, தட்டு முன்னால் ஓடுகிறதா பின்னால் ஓடுகிறதா என்று மென்பொருள் கண்டுகொள்ளும். சிடியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற குறிப்பும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. டெக்கிலிருந்து இந்தச் சத்தம் ஒரு சின்ன ஒலிப்பெட்டிக்குப் போகும். அங்கிருந்து யுஎஸ்பி வழியாக மடிக்கணினிக்குப் போகும். மடிக்கணினி அதைப் படித்து, தன்னிடம் உள்ள பாட்டை அதே வேகத்தில், அதே திசையில் ஓட்டி, அதே பெட்டி வழியாக மிக்ஸருக்கு அனுப்பும். கை படுவது சிடி டெக்கில், பாட்டு வருவது கணினியிலிருந்து.

இந்தப் போக்குவரத்துக்கு நேரம் பிடிக்கும். மென்பொருளில் 'பஃபர்' என்று ஓர் அளவு இருக்கும். 256 என்று வைத்தால் ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட், 1,024 என்று வைத்தால் 23 மில்லிசெகண்ட். முதலாவதில் கைக்கும் காதுக்கும் இடைவெளி தெரியாது. இரண்டாவதில் கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று இருக்கும். அதற்காக மிகவும் குறைத்துவிட்டால், வேகம் குறைந்த கணினி திணறிப் பாட்டில் 'டிக் டிக்' என்று வெட்டு விழும். வீட்டில் உட்கார்ந்து இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும். மண்டபத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

பின்னாளில் வந்த டெக்குகளில் இந்தத் தனி சிடிகூட வேண்டியதில்லை. 2007இன் சிடிஜே-400, 2009இன் சிடிஜே-2000 போன்றவற்றை யுஎஸ்பி கம்பியால் நேரே மடிக்கணினியோடு இணைக்கலாம். வசதிதான். ஆனால் கம்பி ஒன்று தளர்ந்தால் இரண்டு டெக்கும் ஒருசேர ஊமையாகிவிடக் கூடும்.

இங்கேதான் அனுபவசாலிகள் ஒரு வேலை செய்கிறார்கள். ஒரு சிடி டெக்கின் ஒலிக்கம்பியை மடிக்கணினி பக்கமே காட்டாமல் நேரே மிக்ஸரின் தனி வழியில் செருகிவிடுகிறார்கள். அதில் ஒரு சாதாரணப் பாட்டு சிடி எப்போதும் தயாராக நிற்கும். மணமக்கள் நுழைவுப் பாட்டு, கேக் வெட்டும் பாட்டு, பிறகு ஆட்டத்துக்கு அரை மணி நேரப் பாட்டு, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கணினி விழுந்தால் மிக்ஸரில் ஒரு விரல் நகர்த்தினால் போதும். நடந்தது டீஜேக்கு மட்டும் தெரியும், சபைக்குத் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. கூடாரத்தில் ஜெனரேட்டர் ஓடும் திருவிழாக்களில் மின்சாரம் ஒரு கணம் சுருங்கி விரிவது சாதாரணம். சிடி டெக்குக்கு மின்கலம் கிடையாது. அந்த ஒரு கணத்தில் அணைந்து, மறுபடி எழுந்து, சிடியைப் படித்து முடிக்கச் சில நொடிகள் ஆகும். மடிக்கணினியோ தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அது விழுந்தால் இது பிடிக்கும், இது விழுந்தால் அது பிடிக்கும்.

சிடி டெக்கை விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் நம் பாட்டுகளிலேயே இருக்கிறது. மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டு பாட்டின் தாளமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கணினியில் கோத்த இன்றைய பாட்டுகளுக்கு அது சரியாக வேலை செய்யும். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாட்டுகளையும், 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய இளையராஜாவின் ஆரம்பகாலப் பாட்டுகளையும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். பல்லவியில் ஒரு வேகம், சரணம் சூடுபிடிக்கும்போது மயிரிழை கூடுதல் வேகம். அந்த உயிரோட்டத்தைக் கணினி தவறு என்று எண்ணிக்கொள்கிறது. மூன்று மூன்றாக நடக்கும் தாளமாக இருந்தால், எண்ணிக்கையை ஒன்றரை மடங்காகக் காட்டிக் குழப்புவதும் உண்டு. உறுமி மேளத்துப் பாட்டுகளைக் கலக்க முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வேறுபாடு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு, மற்றது 121 என்று வைத்துக்கொள்வோம். முப்பது நொடியில் ஒன்றுக்கொன்று அரைத் தட்டு விலகிப்போகும். மண்டபத்தில் அது குதிரை ஓடுவது போலக் கேட்கும். ஆடுகிறவர்கள் கால் தடுமாறி நின்றுவிடுவார்கள். சிடி டெக்கில் ஹெட்போனை மாட்டி, வேகச் சட்டத்தை நகர்த்தி நகர்த்திக் காதாலேயே தாளம் சேர்க்கப் பழகியவர் இதை இரண்டு தட்டுக்குள் பிடித்துத் திருத்திவிடுவார். பொத்தானோடு மட்டும் பழகியவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண்ணின் மாமா ஒருவர் விருந்து நடுவே ஒரு சிடியை நீட்டி, "தம்பி, இதில் நாலாவது பாட்டு" என்பார். 2006இல் யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' வந்த காலத்தில் உள்ளூர்ப் பாட்டுகளை சிடியாகக் காசு கொடுத்து வாங்கிவைத்த தலைமுறை அது. இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் சிடி போடும் இடமே கிடையாது. டெக் இருந்தால் மாமாவும் மகிழ்வார்.

பாட்டின் தரமும் சும்மா விடக்கூடிய விஷயமல்ல. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சிடியில் ஏறக்குறைய 53 மெகாபைட். அதையே 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 12, 128 ஆக்கினால் 5 மெகாபைட்டுக்கும் குறைவு. வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். பெரிய ஸ்பீக்கரில் 128இன் ஜால்ராச் சத்தம் தண்ணீர் கொதிப்பது போலக் கேட்கும். சிடியிலிருந்து ஒரு பாட்டும் கணினியிலிருந்து ஒரு பாட்டும் மாற்றி மாற்றிப் போடும்போது அந்த வித்தியாசம் பளிச்சென்று வெளிப்பட்டுவிடும்.

இரண்டையும் இணைக்கும்போது வரும் பெரிய தொல்லை 'ம்ம்ம்' என்ற இரைச்சல். மடிக்கணினியின் மின்னேற்றியை மாட்டியவுடன் வரும், கழற்றினால் போகும். நிலக்கம்பி வழியாக மின்சாரம் சுற்றிவருவதால் உண்டாவது இது. சிலர் பிளக்கின் நிலமுனையை உடைத்துவிடுகிறார்கள், அல்லது உள்ளே அந்தக் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உயிருக்கு உத்தரவாதமும் நிற்கும். மழை பெய்து நனைந்த தரையில், இரும்புக் கூடாரக் காலுக்குப் பக்கத்தில், கையில் மைக்கோடு நிற்பவரை அந்த ஒரு கம்பிதான் காப்பாற்றுகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் போகவில்லை என்றால், ஒலிக்கம்பியின் நடுவே மாட்டும் தனிமைப்படுத்தும் மின்மாற்றிப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கலாம்.

மடிக்கணினியைக் கல்யாணத்துக்கு முதல் நாளே தயார் செய்துவிடுவது நல்லது. இணையத்தை, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை, திரை தூங்கும் வசதியை, யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் வசதியை, எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பழைய சுழலும் வட்டு உள்ள கணினியாக இருந்தால் பேஸ் ஸ்பீக்கர் மேலேயோ பக்கத்திலேயோ வைக்கவே கூடாது. அதிர்வில் வட்டு படிக்க முடியாமல் திணறும். திருட்டு மென்பொருளை ஏற்றிக்கொண்டு அதன் பின்னோடு வைரஸையும் அழைத்து வருபவர்களுக்கு என்ன சொல்லியும் பயனில்லை.

சிடி டெக்குக்கும் தனிக் கவனிப்பு உண்டு. கடற்காற்றுப் படும் ஊரில் ஈரம் அதிகம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கூடாரத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் லென்ஸில் பனி படியும், சிடி படிக்காது. நன்கு முன்னதாகவே இறக்கிவைத்தால் தானாகச் சரியாகிவிடும். எழுதிய சிடிகளை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் அவை சீக்கிரமே கெட்டுப்போகும்.

2020இல் வந்த சிடிஜே-3000இல் பெயரில்தான் சிடி இருக்கிறது, சிடி போடும் வாய் இல்லை. ஆகவே இனி சிடி டெக் தேடுபவர்கள் பெரும்பாலும் பழையதைத்தான் வாங்க வேண்டிவரும். வாங்கப் போகும்போது, வீட்டில் எழுதிய ஒரு முழு நீள சிடியைக் கையோடு கொண்டுபோகலாம். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. தேய்ந்த லென்ஸ் முதல் பாட்டை ஒழுங்காகவே படித்துக் காட்டி ஏமாற்றிவிடும். விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிப் பாட்டைப் போட்டு, முழுவதும் கேட்டுவிட்டு, அப்புறம் விலை பேசலாம்.