கூலிங் கிளாஸ் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது

அக்கா மகன் ஒரு சின்ன அட்டையை என்னிடம் நீட்டினான். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் தெரிந்தது. "இதப் போட்டுட்டுப் பாருங்க மாமா" என்று தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கொடுத்தான். போட்டதும் கட்டத்துக்குள் ஒரு மீன் தெரிந்தது. "ஒரிஜினல் போலரைஸ்டு. ஆன்லைன்ல இருநூத்தம்பது ரூபா. யுவி நானூறுன்னும் போட்டிருக்கான்" என்றான். சென்னையில் உணவு டெலிவரி வண்டி ஓட்டுபவன் அவன். உச்சி வெயில்தான் அவனுக்கு வேலை நேரம். சாயங்காலம் வீடு திரும்பும்போது கண் இரண்டும் சிவந்து கிடக்கும்.

அடுத்த வாரம் என் பவர் கண்ணாடியை வாங்கப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் லென்ஸில் புற ஊதாக் கதிரை அளக்கும் சின்ன மீட்டர் இருந்தது. பையனின் கண்ணாடியை அதில் வைத்துப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "போலரைஸ்டுங்கிறது உண்மைதான் தம்பி. ஆனா யுவி உள்ள போகுது. அட்டைல மீன் தெரியறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பது ஒரு விஷயம். அது போலரைஸ்டா என்பது இன்னொன்று. புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பது மூன்றாவது. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் கூடவே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விற்பவர்களும் அதைத் திருத்துவதில்லை.

புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் கீழே. லென்ஸில் 'யுவி400' என்று எழுதியிருந்தால் அந்த அளவுவரை உள்ள கதிர்களைத் தடுக்கிறது என்று பொருள். வருடக்கணக்கில் இந்தக் கதிர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கண்புரை சீக்கிரம் வரும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சவ்வு படர்ந்து வருவதை நம் ஊரில் 'கண்ணுல சதை வளருது' என்பார்கள். வெயில், காற்று, தூசி மூன்றிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கே அது அதிகம் வருகிறது. மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், வயல் வேலை செய்பவர்கள், போக்குவரத்துக் காவலர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டம்தான். கூலிங் கிளாஸ் யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்கள் அதை ஸ்டைல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு மதிய வேளை நின்று பாருங்கள். வானத்திலிருந்து வரும் வெளிச்சம் போதாதென்று பாத்தியில் காயும் வெள்ளை உப்பும் கண்ணில் அடிக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிச்சம் கூடினால் கண்ணின் பாப்பா சுருங்கும், கண்ணும் இடுங்கும். உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் திரை அது. கறுப்பு லென்ஸைப் போட்டதும் இருட்டு என்று எண்ணிப் பாப்பா விரிந்துவிடும். விரிந்த வாசல் வழியாகக் கதிர் தாராளமாக உள்ளே போகும். குழந்தைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் அவர்களுக்குக் கதிர் இன்னும் ஆழமாக இறங்கும். திருவிழாக் கடையில் பிள்ளை அழுகிறது என்று வாங்கித் தரும் விளையாட்டுக் கண்ணாடியை அன்றைக்கு ஒரு போட்டோ எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் போலரைஸ்டுக்குப் பயனே இல்லையா? நிறைய உண்டு. தார் ரோடு, தண்ணீர், முன்னால் போகும் காரின் கண்ணாடி போன்ற படுக்கையான பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலில், ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாகிவிடுகிறது. கண்ணைக் கூச வைப்பது அதுதான். போலரைஸ்டு லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய படலம் அந்தக் கிடைமட்ட அதிர்வை மட்டும் பிடித்து நிறுத்திவிடும். அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த படலத்தின் வழிவந்தது இது. படகில் போகும் மீனவர் இதைப் போட்டால் நீரின் மினுமினுப்பு அடங்கி உள்ளே இருப்பது தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கு முகத்தைச் சுளிக்கும் வேலை பாதி குறையும்.

ஆனால் இரு சக்கர வண்டிக்காரர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஸ்கூட்டரின் டிஜிட்டல் மீட்டரும் செல்போன் திரையும் சில கோணங்களில் மங்கும் அல்லது கறுத்துப்போகும். ஹெல்மெட் கண்ணாடியில் வானவில் போலத் திட்டுத்திட்டாக நிறம் தெரியலாம். எல்லாவற்றையும்விட, ரோட்டில் சிந்திய எண்ணெயையும் ஈரத்தையும் அதன் பளபளப்பை வைத்துத்தான் நாம் கண்டுபிடிக்கிறோம். அந்தப் பளபளப்பையும் இந்த லென்ஸ் கொஞ்சம் மறைத்துவிடும். மழைநாளில் கழற்றிவிடுவது நல்லது. இரவில் எந்தக் கூலிங் கிளாஸும் வேண்டாம். 'நைட் டிரைவிங்' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்கிறது.

கடையில் நின்றபடியே போலரைஸ்டா என்று பார்த்துவிடலாம். ஒரு லேப்டாப் திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு நிலையில் திரை கறுத்தால் போலரைஸ்டு. புற ஊதாத் தடுப்பை அப்படிப் பார்க்க முடியாது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்துக் காட்டும் கடைக்காரர்கள் உண்டு. மலிவான டார்ச்சுகள் பலவற்றின் ஒளி 400 நானோமீட்டரை ஒட்டியே இருப்பதால் அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. பழைய கண்ணாடியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மலிவு என்பதாலேயே மோசம் என்று எண்ணிவிடவும் கூடாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கே இயல்பாகப் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மீட்டரில் தேறும் குறைந்த விலைக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பெயருக்கும் பிரேமுக்கும் போகிறது. பிரேமின் உட்புறமோ அட்டையோ 'கேட்டகரி 3' என்று சொன்னால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் மட்டுமே உள்ளே விடும் லென்ஸ் என்று பொருள். நம் ஊர் வெயிலுக்கு அது சரியான அளவு. 'கேட்டகரி 4' அதைவிடக் கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. சாம்பல் நிற லென்ஸில் சிக்னல் விளக்கின் நிறம் மாறாமல் தெரியும். நீலமும் இளஞ்சிவப்பும் பார்க்க அழகு, ஓட்டுபவருக்கு ஆகாது.

ஸ்டைலும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்னத்துக்கும் புருவத்துக்கும் ஒட்டி, பக்கவாட்டில் இடைவெளி விடாத பெரிய பிரேம்தான் கண்ணைக் காக்கும். பெரும்பாலான முகங்களுக்கு அதுவே எடுப்பாகவும் இருக்கும். இப்போது வரும் குட்டி வட்டக் கண்ணாடிகளில் மேலும் கீழும் பக்கமும் வெயில் புகுந்துவிடும். வாங்கும் முன் கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகத் தரையின் டைல்ஸ் கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த நெளிவுதான் சாயங்காலம் தலைவலியாக வரும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் மாட்டும் போலரைஸ்டு கிளிப்பை வாங்கலாம். கையைக் கடிக்காது. மெட்ராஸ் ஐ வந்தவர்கள் கூலிங் கிளாஸ் போடுவது கூச்சத்துக்கு இதம், பரவுவதைத் தடுக்காது. அது கையாலும் துண்டாலும் பரவுவது. சூரிய கிரகணத்தைப் பார்க்கவோ வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கவோ எந்தக் கூலிங் கிளாஸும் உதவாது.

இனி, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்குப் பெரிய பலம். பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும், பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க 30 நாள் இருக்கிறது. அதனால் பில் கேளுங்கள். அதில் 'போலரைஸ்டு, யுவி400' என்ற சொற்களை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விவரணைக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

பிளாட்பாரத்தில் பில் இல்லாமல் வாங்கியதற்குச் சட்டத்தில் உரிமை இல்லாமல் போகாது. ஆனால் நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

அக்கா மகனிடம் ஆன்லைன் பில் இருந்தது, 'யுவி400' என்று எழுதிய பக்கத்தின் படமும் இருந்தது. மீட்டர் காட்டிய எண்ணையும் கடைக்காரர் அனுமதியோடு போனில் படம் எடுத்துக்கொண்டோம். முதலில் "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு" என்று ஒரே பதில்தான் வந்தது. விதியைக் குறிப்பிட்டுக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினோம். பிறகு 1915க்கும் கூப்பிட்டான். பத்து நாளில் பணம் திரும்பி வந்தது. மேலும் கொஞ்சம் போட்டு, மீட்டரில் வைத்துப் பார்த்தே சாம்பல் நிற லென்ஸ் ஒன்று வாங்கினான். வண்டி டிக்கியின் சூட்டில் போட்டுவைத்தால் போலரைஸ்டு படலம் பிரிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதால், இப்போது வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைத் தண்ணீரில் அலசித் துடைத்து, உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்கிறான்.