ஆறு எலுமிச்சம்பழம் எடு, தங்கம்!

மகள் வயிற்றுப் பேத்திக்கு நான்கு வயது. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது. 1999 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில் திறக்கப்பட்டது. பொருத்தமான நாள்தான். ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்குச் சந்தையைப் போல வகுப்பறை இல்லை.

இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். "ஆறு எலுமிச்சம்பழம் எடு, தங்கம்" என்றால் கை கொள்ளுமட்டும் அள்ளுவாள்! கவலைப்பட ஒன்றுமில்லை. எண்களை வரிசையாகச் சொல்வது வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று பிடிபடுவது வேறு. பல பிள்ளைகளுக்கு அது மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது. ஒவ்வொன்றாகப் பையில் போட்டுச் சேர்ந்து எண்ணுகிறோம், முடிந்ததும் "பையில் எத்தனை இருக்கு?" என்று கேட்பேன்.

வெண்டைக்காய் அவள் பொறுப்பு. நுனி 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். விற்கிற அக்கா முறைப்பார் என்பதால் ஒரே ஒரு காயைத்தான் ஒடிக்கலாம் என்று எங்களுக்குள் பேச்சு. புதினாவைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "அம்மாச்சி, பிரியாணி வாசம்!" என்று கத்தினாள். கீரைக்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இது என்ன கலர்? இங்கிலீஷில் சொல்லு" என்று வழியெல்லாம் பரீட்சை வைக்கிற பெற்றோரையும் பார்க்கிறேன். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பரீட்சை வேறு, பேச்சைக் கிளப்பும் கேள்வி வேறு. அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் சில சூப்பர் மார்க்கெட்டுகளில், பாலைத் தவிரப் பசுவிடமிருந்து வேறு என்ன கிடைக்கும் என்பதுபோன்ற கேள்விகளை எழுதி மாட்டிப் பார்த்தார்கள். வசதி குறைந்த பகுதிகளில் அந்தப் போர்டுகள் இருந்த நாட்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் பேசிக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியதாக 2015-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நம் சந்தையில் விலைப் பலகை ஏற்கெனவே தொங்குகிறது. சின்னவள் அதில் 4 எங்கே என்று தேடுவாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் அண்ணன், கிலோ 40 என்றால் கால் கிலோ எவ்வளவு என்று விரல் மடக்குவான்.

பணத்தை போனில் அனுப்பிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. சில்லறையை அவர்கள் கையில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது. கூட்டமில்லாத நாளில் போங்கள். பட்டியலில் ஒரே ஒரு காயை அவர்களிடம் விடுங்கள். சொத்தைக் கத்தரிக்காயைத் தேர்ந்தெடுத்தாலும் மாற்றாமல் வாங்கி வந்து, அவர்கள் முன்னாலேயே நறுக்குங்கள்.